உப்புத் தண்ணீரைக் கடந்த வக்கீல்

ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு பைக்ல போயிருக்கீங்களா? அப்படின்னா மரக்காணத்தை நீங்க தாண்டாம இருந்திருக்க முடியாது. ரோட்டோரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். போட்டோ எடுத்துட்டுக் கிளம்பியிருப்பீங்க. அடுத்த தடவை அஞ்சு நிமிஷம் கூடுதலா நின்னு அந்தத் தண்ணீரைப் பாருங்க. அதில் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம் ஒண்ணு இருக்கு.

உப்பளத்தில் தண்ணீரின் கெட்டித்தன்மையை 'பாமே' என்ற டிகிரியில் அளக்கிறார்கள். கடலிலிருந்து வரும் தண்ணீர் சுமார் மூன்று டிகிரி. அதை ஒரு பாத்தியில் நிறுத்தி வெயிலில் காயவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, மறுபடி காயவிட்டு, கிட்டத்தட்ட இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு உறைய ஆரம்பிக்கும். அந்த நிலையில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. சாதாரணக் கடல்நீர் 1.025 கிலோ. நல்ல தண்ணீர் ஒரு கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்குப்படி, 70 கிலோ ஆள் ஒருவரை நல்ல தண்ணீரை விடக் கடல்நீர் சுமார் ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குக் கூடுதலாக மேலே தூக்கும்.

ஒன்றே முக்கால் கிலோதானே என்று நினைக்கலாம். ஒரு நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது, கடல் எந்தப் பக்கம் ஓடும் என்பதையே சில இடங்களில் முடிவு செய்கிறது. அப்படிப்பட்ட தண்ணீர்களை ஒரே வருடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நீந்திக் கடந்த ஒரு மனிதரின் கதைதான் இது. அவர் பெயர் மிஹிர் சென். நம் தாத்தா பாட்டி காலத்தில் பேப்பர் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். நமக்குப் பெரும்பாலும் தெரியாது. ஏன் தெரியாமல் போனது என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி.

பத்து பவுண்டும் ஒரு பெட்டியும்

மிஹிர் சென் பிறந்தது 1930 நவம்பர் 16, புருலியாவில். இன்றைக்கு அந்த ஊர் மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. கடலோர ஊர் இல்லை. கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. அப்பா டாக்டர். டாக்டர் என்றதும் வசதி என்று நினைக்காதீங்க. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தே பாதி நாள் போகும். வீட்டுச் செலவுக்கு அம்மா பாலும் முட்டையும் விற்றார். பையனுக்கு எட்டு வயதானபோது, நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று குடும்பத்தையே ஒடிசாவின் கட்டாக் நகரத்துக்கு அழைத்துப் போனவரும் அவர்தான்.

பையன் உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று ஆசை. கையில் காசில்லை. அப்போது உதவியவர் பிஜு பட்நாயக், பிற்பாடு ஒடிசாவின் முதலமைச்சராக வந்தவர். 1950-ல் அவர் கொடுத்தது ஒரு பெட்டி, பத்து பவுண்டு பணம், இங்கிலாந்துக்கு மூன்றாம் வகுப்புக் கப்பல் டிக்கெட். அவ்வளவுதான்.

லண்டனில் ராத்திரி வேளையில் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். பிறகு இந்தியத் தூதரகம் இருக்கும் இந்தியா ஹவுஸில் வேலை கிடைத்தது. பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு. கோச்சிங் கிளாஸ் போகக் காசு இல்லாததால் லிங்கன்ஸ் இன் நூலகப் புத்தகங்களை வைத்துத் தானாகவே படித்து, 1954-ல் பாரிஸ்டர் ஆனார். இத்துடன் கதை முடிந்திருந்தால், ஏழைப் பையன் கஷ்டப்பட்டு வக்கீல் ஆன கதை. நம்ம வீட்டுப் பெரியவங்க நமக்கு அடிக்கடி சொல்ற மாதிரியான கதை.

நீச்சல் தெரியாதவரின் ஆசை

ஒருநாள் பேப்பரில் ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய செய்தியை அவர் படித்தார். 1950-ல் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர் அவர். இதை ஓர் இந்தியன் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் மிஹிருக்கு வந்தது. நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம். அந்த எண்ணம் பலருக்கும் வந்திருக்கலாம். ஆனால் இவருக்கு ஒரு சின்னச் சிக்கல்: ஒழுங்காக நீந்தவே தெரியாது.

சிரிக்காதீங்க. உண்மையாகவே ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்து, கைவீசி நீந்தும் ஃபிரன்ட் கிரால் முறையைக் கற்றுக்கொண்டார். வயது இருபதுகளில். நாம ஃபைனல் இயர்ல புது விஷயம் கத்துக்க லேட் ஆயிடுச்சுன்னு புலம்புறோம்.

ஆங்கிலக் கால்வாய் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் நேர்க்கோடு. நிஜத்தில் யாராலும் நேராக நீந்த முடியாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம் திசை மாறும். ஒருமுறை உங்களை ஒரு பக்கம் இழுத்துப்போகும், அடுத்த முறை எதிர்ப்பக்கம். நீந்துபவரின் பாதை 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்துதான் போகும். பிரான்ஸ் கரை கண்ணெதிரே தெரியும்போது ஓதம் மாறிவிட்டால், எவ்வளவு கை வீசினாலும் கரை கிட்டே வராது. தண்ணீரின் வெப்பம் கோடையிலும் பதினாறு, பதினேழு டிகிரிதான் இருக்கும். உடம்போடு ஒட்டிய குளிர் காக்கும் உடை போடக் கூடாது. உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள்ளலாம். கூடவே வரும் படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

மிஹிர் சென் முயன்றார், தோற்றார். மறுபடி முயன்றார், மறுபடி தோற்றார். வானிலை ஒரு தடவை, உடம்பு ஒரு தடவை என்று ஏதாவது ஒன்று தடுத்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் படகு வாடகை, வழிகாட்டி, சாப்பாடு என்று செலவு. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசெல்லாம் கால்வாயில் கரைந்தது. கடைசியில் 1958 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் டோவர் பக்கமிருந்து இறங்கி, 14 மணி 45 நிமிடத்தில் பிரான்ஸ் கரையைத் தொட்டார். ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் இந்தியர். அதே கோடையில் அவருக்குச் சில வாரம் முன்னால் டாக்கா பக்கத்துக்காரரான பிரஜன் தாஸும் கடந்திருந்தார். ஆசியாவின் முதல் ஆள் அவர். மறு வருடம் கொல்கத்தாவின் ஆரத்தி சாஹா கடந்தார். ஆசியப் பெண்களில் அவரே முதல். ஒருவர் தாண்டியதும் அடுத்தடுத்து ஆட்கள் தாண்டுவது விளையாட்டில் எப்போதும் நடப்பதுதான். முதல் ஆளுக்குத்தான் எல்லாமே கஷ்டம்.

1959-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொல்கத்தா திரும்பி உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியும் அந்த ஊரில் சில கிளப்புகளில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி என்று வைத்திருந்தார்கள். கால்வாயைக் கடந்தவருக்கு அந்தக் கிளப்பின் வாசலைக் கடக்க முடியவில்லை! சும்மா இருப்பாரா? பத்திரிகைகள் வழியே அந்த விதிக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தினார். கதவுகள் திறந்தன.

தனுஷ்கோடியில் கரையேறிய நாள்

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1966-ல் அவர் ஒரு பெரிய திட்டம் போட்டார். ஒரே வருடத்தில் ஐந்து கண்டங்களின் கடல்வழிகளை நீந்துவது. அதன் முதல் கட்டம் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை.

இந்தக் கடலில் இவருக்கும் முன்னோடி உண்டு. 1954-லேயே நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்து கோடியக்கரையைத் தொட்டுவிட்டார். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நியாயமில்லை.

மிஹிர் சென்னுக்கு முதல் தடை கடல் இல்லை, காசு. வழிகாட்டவும் நீச்சலைப் பதிவு செய்யவும் கடற்படையின் உதவிக்குக் கட்ட வேண்டியது 45,000 ரூபாய். 1966-ல் அது எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டில் கேட்டுப் பாருங்க. கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை மூலம் கொஞ்சம் சேர்ந்தது. மீதிக்கு அப்போதுதான் பிரதமராகியிருந்த இந்திரா காந்தி கைகொடுத்தார். சுகன்யா, சாரதா என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் கூடவே வந்தன.

ஏப்ரல் மாதம் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்கு இன்னும் தொடங்காத இடைவெளி அது. இந்தப் பக்கக் கடல் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் ஆழம் குறைவு, மணல்திட்டுகள் நிறைய. திட்டுகளுக்கு நடுவில் நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று பழகிய மீனவர்களுக்குத்தான் தெரியும். கடல்பாம்பு, சுறா பயம் வேறு. ஆங்கிலக் கால்வாயில் குளிர் கொல்லும் என்றால் இங்கே பகலில் வெயில் முதுகை உரிக்கும். உப்புத் தண்ணீர் வாயில் பட்டுப் பட்டு நாக்கும் தொண்டையும் வீங்கிப்போகும். கப்பலிலிருந்து கொடுக்கும் கஞ்சி மாதிரியான ஆகாரம்கூட இறங்காது.

ஏப்ரல் 5 அன்று இறங்கியவர் ஒரு பகலும் ஒரு இரவும் நீந்தி, மறுநாள் கரையேறினார். 25 மணி 36 நிமிடம்.

அவர் கரையேறிய தனுஷ்கோடியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. 1964 டிசம்பர் புயலில் ஊரே போய், பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போய், ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. சர்ச்சும் ஸ்டேஷனும் மொட்டைச் சுவராக நின்ற மணலில்தான் அவர் கால் வைத்தார். கடல் மனிதர்களை ஜெயித்த அதே இடத்தில் ஒரு மனிதர் கடலிலிருந்து எழுந்து வந்தார். ஆனால் மனிதன் கடலை ஜெயித்தான் என்று எழுதினால் அது பொய். கடல் விட்ட நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். அவருடைய சாமர்த்தியமே அந்த நேரத்தைக் கணித்ததில்தான் இருந்தது.

உப்பு ஓட்டும் ஆறுகள்

ஆகஸ்ட் 24. ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவிலுள்ள ஜிப்ரால்டர் நீரிணை. 8 மணி 1 நிமிடம்.

இங்கேதான் மரக்காணம் பாடம் வருது. மத்தியதரைக் கடல் ஒரு மாபெரும் உப்பளம் மாதிரி. நதிகளும் மழையும் கொண்டுவரும் தண்ணீரை விட, வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீர் அங்கே அதிகம். அதனால் மட்டம் குறையும், உப்பு ஏறும். அந்தக் குறையை நிரப்ப அட்லாண்டிக் பெருங்கடல் ஜிப்ரால்டர் வழியாக மேல்பரப்பில் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உப்பேறிய கனமான தண்ணீர் அடியில் வெளியே போகும். உப்பளத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுவது போலத்தான். இந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டித்தான் அவர் கண்டம் விட்டுக் கண்டம் போனார்.

செப்டம்பர் 12. துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணை. கவிஞர் பைரன் 1810-ல் இதை நீந்தியது பெரிய கதை. ஆனால் பைரன் போனது குறுக்கே. மிஹிர் சென் போனது நெடுக்கே, கலிபோலியிலிருந்து செத்துல்பஹீர் வரை நாற்பது மைல். அப்படி நீந்திய முதல் மனிதர் அவர்தான் என்று சொல்கிறார்கள். நேரம் 13 மணி 55 நிமிடம்.

கணக்கு இடிக்குதா? பாக் நீரிணையில் அதில் பாதி தூரத்துக்கே 25 மணி நேரம் ஆனதே? காரணம் மறுபடியும் உப்புதான். கருங்கடலில் பெரிய நதிகள் விழுவதால் அங்கே உப்பு குறைவு, தண்ணீர் லேசு. அந்த லேசான தண்ணீர் பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் வழியாக மேல்பரப்பில் தெற்கு நோக்கி ஆறு மாதிரி ஓடுகிறது. அந்த ஆற்றோடு அவர் போனார். செப்டம்பர் 21-ல் பாஸ்பரஸை வெறும் நான்கு மணி நேரத்தில் முடித்ததற்கும் இதுவே காரணம். இது குறுக்கு வழியா? இல்லை. ஓட்டத்தோடு போவதும் ஒரு திறமை. காட்டாற்றில் துடுப்புப் போடுபவரைக் கேளுங்க. தண்ணீரோடு சண்டை போடுபவர் கவிழ்வார். அது போகும் வழி தெரிந்தவர் கேட்டுக் கேட்டாகத் தாண்டுவார்.

கடைசி, பனாமா கால்வாய். அக்டோபர் 29-லிருந்து 31 வரை, 34 மணி 15 நிமிடம். இது வேற லெவல் இன்ஜினியரிங். கப்பலை மூன்று படி மேலே தூக்கி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டுன் ஏரி வழியாக விட்டு, மறுபடி மூன்று படி இறக்கும் அமைப்பு. 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இதில் நீந்தியபோது, அவரையும் ஒரு கப்பலாகக் கணக்கிட்டு 36 சென்ட் சுங்கம் வாங்கினார்கள். இந்தக் கால்வாயில் பெரும்பகுதி நல்ல தண்ணீர், ஓட்டமும் உதவாது. அந்த ஒன்றே முக்கால் கிலோ உதவியும் இங்கே கிடையாது. ஐந்திலும் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

ஏழே மாதத்தில் ஐந்து நீர்வழிகள். 1967-ல் பத்மபூஷண் வந்தது. கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது.

தரையில் ஓதம் இல்லை

அதன் பிறகு அவர் எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப் ஆஃப் இந்தியா என்ற அமைப்பை நடத்தினார். 1969-ல் அதைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக், பினாகி சாட்டர்ஜி என்ற இருவர் 'கனோஜி ஆங்ரே' என்ற சின்னத் துடுப்புப் படகில் கொல்கத்தாவிலிருந்து அந்தமான் வரை போனார்கள். மரக்காணம் உப்பளத்துக்குத் தண்ணீர் தரும் இதே வங்காள விரிகுடாவில்தான்! தன்னோடு சாகசம் முடிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது தெரிகிறது.

வக்கீல் தொழிலோடு பட்டு ஏற்றுமதியிலும் இறங்கி, நாட்டின் பெரிய பட்டு ஏற்றுமதியாளர்களில் ஒருவராக வளர்ந்தார். 1977-ல் அரசியலில் கால் வைத்தார். ஜோதி பாசுவை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று தோற்றார். அந்தத் தேர்தலில் ஜெயித்த பாசு முதலமைச்சராகி இருபத்து மூன்று வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். மிஹிர் சென்னின் தொழில் வேலைநிறுத்தங்களில் சிக்கிப் படிப்படியாகச் சரிந்தது. சேர்த்த சொத்து போனது.

தண்ணீரில் அவர் பல தடவை தோற்றிருக்கிறார். ஓதம் மாறும் வரை காத்திருந்து மறுபடி இறங்கியிருக்கிறார். ஆறு மணி நேரத்தில் கடல் மனசு மாறும் என்று அவருக்குத் தெரியும். தரையில் அப்படி ஒரு அட்டவணை இல்லை. இந்த ஓதம் கடைசிவரை மாறவேயில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்தது. வயதாகும் முன்பே நினைவு தப்ப ஆரம்பித்தது. அல்சைமர் நோய். டோவர், தனுஷ்கோடி, ஜிப்ரால்டர் என்று உலகத்தையே கைவீசி எண்ணியவருக்கு அந்தப் பெயர்களே மறந்துபோயின. 1997 ஜூன் 11 அன்று, 66-வது வயதில், கொல்கத்தாவில் இறந்தார். ஊரும் அதற்குள் அவரை மறந்துவிட்டிருந்தது.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்து, உப்பு பூத்து வரும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போகும். மழை விட்டதும் மறுபடி பாத்தியைச் சரிசெய்து முதலிலிருந்து தொடங்குவார்கள். மிஹிர் சென்னின் வாழ்க்கையில் அந்த மழை கடைசியில் வந்தது. திரும்பத் தொடங்க அவருக்கு நாள் இல்லை.

ஆனால் மற்றவர்கள் தொடங்கினார்கள். 1971-ல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, நிற்காமல் திரும்பியும் போனார். 1994-ல் நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் ஒரே வருடத்தில் ஆறு நீர்வழிகளை நீந்தி, மிஹிர் சென்னின் ஐந்தைத் தாண்டினான். அவரும் பிற்பாடு நீச்சலை விட்டுட்டு நம்மளை மாதிரியே இன்ஜினியரிங் படிக்க வந்துட்டார் என்பது தனிக் கதை.

அடுத்த தடவை இண்டஸ்ட்ரியல் விசிட் முடிச்சுட்டு ராமேஸ்வரம் டிரிப் போடுவீங்க இல்ல, அரிச்சல்முனையில் செல்ஃபி எடுத்த பிறகு கொஞ்சம் கிழக்கே திரும்பி நில்லுங்க. கண்ணுக்குக் கரை எதுவும் தெரியாது. நீந்துகிறவருக்கு ஒரு பகலும் ஒரு இரவும் பிடிக்கும் தூரம். இருபது வயது வரை ஒழுங்காக நீந்தத் தெரியாத ஒருவர் அந்தப் பக்கமிருந்து வந்தார். அவரே மறந்துபோன அந்தப் பயணத்தை, பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் ஒரு தடவை சொல்லுங்க. அது போதும்.